பாதி போதுங்க

அவள் முழு டம்ளர் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. ஊற்றிக்கொண்டிருக்கும்போதே டம்ளரின் வாய்க்குக் குறுக்கே கையை நீட்டிவிடுவாள். "பாதி போதுங்க்கா." கைமேல் பட்டுவிடுமே என்று பதறி நான்தான் நிறுத்துவேன். ஒருநாள் நிறுத்துவதற்குள் பட்டே விட்டது. கையை உதறி, வாயால் ஊதிக்கொண்டு, அப்போதும் சிரித்தபடி, "பரவால்லீங்க, பாதி போதும்" என்றாள்.

பொம்மிடி ரயில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன், வண்டிக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. பெரும்பாலும் ராத்திரி டியூட்டி, பகலில் தூக்கம். தூங்குகிற மனிதர் இருக்கிற வீட்டில் கரண்டியைக்கூட மெதுவாகத்தான் வைக்க வேண்டும். கல்யாணமாகி ஆறேழு வருசம் ஆகியும் ஆண்டவர் எங்களுக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கவில்லை. அதனால் சத்தம் போட வேறு ஆளும் இல்லை. ரயில் போகிறபோது வரும் சத்தம்தான் எங்கள் வீட்டுச் சத்தம்.

வீட்டை ஒட்டி ஒரு சாய்ப்பு அறை உண்டு. மாடு இருந்த காலத்தில் வைக்கோல் போட்டிருந்தோம். மாட்டை விற்ற பிறகு சும்மா கிடந்தது. சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி ஜில்லாவாகி நாலைந்து வருசம் ஆகியிருந்த சமயம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது மதர் அம்மா என்னை நிறுத்தினார். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு அவர்தான் பெரியவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"உங்க வீட்டுல ஒரு அறை சும்மா கெடக்காமே? ஒரு பிள்ளைக்கு வேணும். நர்சுப் படிப்பு படிச்சா. எல்லாப் பேப்பரும் பாஸ். மருந்து அளவுக் கணக்கு ஒண்ணுல மட்டும் போயிட்டு. விடுதியில புதுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கணும். மறுபடி பரீட்சை எழுதுற வரைக்கும் ஆஸ்பத்திரியில ஆயா வேலை பாக்கட்டும்னு வச்சிருக்கேன்."

சாயங்காலமே அவள் வந்துவிட்டாள். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் நடை வயதான நடை. அறையைக் கூட்டி மெழுகி வைத்திருந்தேன். உள்ளே போய் ஒரு மூலையில் பாயை விரித்துக்கொண்டாள். அந்த அறையில் அவள் இருந்த வரைக்கும் அந்த மூலையில்தான் இருந்தாள். மற்ற இடமெல்லாம் வேறு யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல வெறுமையாகவே கிடக்கும்.

குழம்பில் உப்புப் பாதிதான் போடுவாள். விளக்குத் திரியைப் பாதிக்குமேல் ஏற்ற மாட்டாள். உறை மோர் கேட்டு வருவாள். கிண்ணத்தின் அடி நனைந்ததும், "போதுங்க்கா, போதுங்க்கா" என்று கிண்ணத்தை இழுத்துக்கொள்வாள். மறுநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள்.

"பாலு பாலாவே இருக்குதுங்க்கா."

"தோயலியா?"

"லேசா புளிச்ச வாசம் மட்டும் வருதுங்க."

எங்களுக்குப் பால் ஊற்றுகிற சின்னப்பாப்பாவுக்கு இது போதும். அவளுக்கு வாய் நீளம், மனசு சுத்தம். "ஏங் கண்ணு, அரைப்படி பாலு வாங்கி அதுக்கு அரைச்சொட்டு மோரு ஊத்தினா தயிரு எங்கிருந்து வரும்? படிச்சவங்களாம். நீ முழு நர்சு இல்ல, அரை நர்சு!"

அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவளுக்கு 'அரை நர்சு' என்று பேராகிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பும் பாதிதான்.

ஆனால் தெருவில் சும்மா இருப்பார்களா? அவள் ஏதோ பிள்ளைக்கு மருந்தைக் கூட்டிக் கொடுத்துக் கொன்றுவிட்டாள், அதனால்தான் பாஸ் பண்ண விடமாட்டேன் என்கிறார்கள் என்று ஒருத்தி சொன்னாள். புருசனைக் கொன்றாள் என்று இன்னொருத்தி. அவளுக்குப் புருசனே கிடையாது. மனசு கேட்காமல் ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"அப்படி ஏதாச்சும் நடந்துச்சாம்மா?"

"ஒண்ணுமே நடக்கலீங்க்கா" என்றாள். "நடந்திருந்தா ஒரு காரணமாச்சும் இருக்கும்."

இரண்டாவது தடவை பரீட்சைக்கு முந்தின நாள் என்னைக் கூட்டிக்கொண்டு, கோயிலுக்குப் பக்கத்தில் கல்லால் குகைபோலக் கட்டியிருந்த மாதா கெபிக்குப் போனாள். ஒரு மெழுகுவத்தி வாங்கி ஏற்றினாள். முழங்காலில் நின்றாள். நான் ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். எழுந்தவள் சும்மா வரவில்லை. மெழுகுவத்தி பாதி எரிந்ததும் ஊதி அணைத்து, சூடு ஆற விட்டு, மீதியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அடிப்பாவி, நேர்ந்து ஏத்தினத யாராச்சும் ஊதி அணைப்பாங்களா?"

"மாதாவுக்கு வெளிச்சம் தெரிஞ்சிருக்குமுங்க. மீதி இன்னொரு நாளைக்கு ஆவும்."

"என்னா வேண்டிக்கிட்ட?"

"பாஸ் மார்க்குங்க."

"நல்ல மார்க்கு கேட்டா மாதா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

"பாஸ் மார்க்கு போதுங்க்கா. மத்தவங்களும் கேப்பாங்கல்ல."

அந்த மார்க்கும் வரவில்லை. ரிசல்ட் வந்த அன்று மத்தியானமே வந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தணித்து, அதே பேப்பர்தான் போய்விட்டது என்றாள். மூன்றாவது தடவையோடு சரி, அதற்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ள முடியாது என்று மதர் அம்மா சொல்லிவிட்டாராம்.

"அப்பறம் என்ன பண்ணுவ?"

"இண்டூருக்குப் போயிடுவேனுங்க. மாமன் மவன் வூட்டுல நாலாவது புள்ள பொறக்கப் போவுது. பாத்துக்க ஆள் வேணும்னு சொல்லிட்டே இருக்காங்க. அங்க போனா சோறு போடுவாங்க. அதுல ஒண்ணும் கொறையில்லீங்க."

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னாள். பாஸ் பண்ணினால் கவர்மெண்டில் கிராமத்துக்குப் போடுவார்களாம். முன்னால் ஒரு ரூமில் மருந்து கொடுக்கலாம், பின்னால் ஒரு ரூமில் குடியிருக்கலாம்.

"கதவு நம்ம கதவுங்க்கா. நாமளே பூட்டலாம், நாமளே தொறக்கலாம். உள்ள யாரு வரணும், யாரு வரக்கூடாதுன்னு நாமளே சொல்லலாம். பொறந்ததுலேருந்து எனக்குன்னு ஒரு பூட்டு கெடையாதுங்க."

என் சாய்ப்பு அறைக்கும் பூட்டு கிடையாது. உள்ளே ஒரு தாழ்ப்பாள் மட்டும்தான். அதுவும் அரைகுறையாகத்தான் விழும்.

எனக்குப் படிப்பு எட்டாவதோடு நின்றுவிட்டது. இருந்தாலும் அவளிடமிருந்து புத்தகத்தை வாங்கி, நான் கேள்வி கேட்கிறேன், நீ பதில் சொல்லு என்றேன். அவர் டியூட்டிக்குப் போனதும் சிலேட்டும் பலப்பமுமாக உட்காருவோம். நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். "ஒரு மில்லியில் ஐம்பது மில்லிகிராம் மருந்து இருக்கிறது. டாக்டர் எழுபத்தைந்து மில்லிகிராம் போடச் சொல்கிறார். எத்தனை மில்லி எடுக்க வேண்டும்?"

நான் கேள்விக்குறியில் போய் நிற்பதற்குள், "ஒண்ணரை மில்லிங்க" என்றாள்.

"எழுது."

எழுதி நீட்டினாள். புத்தகத்தின் கடைசியில் விடை போட்டிருந்தது. ஒன்றரை. சிலேட்டைப் பார்த்தேன். ஒன்று.

"வாயில ஒண்ணரைன்ன. கையில ஒண்ணுன்னு இருக்குது?"

வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பதுபோலச் சிலேட்டைப் பார்த்தாள்.

"கொறைச்சலாப் போட்டா அப்பறமா இன்னுங் கொஞ்சம் போட்டுக்கலாமுங்க. கூடிப்போச்சுன்னா திரும்ப எடுக்க முடியுங்களா?"

"பரீட்சையிலயும் இப்படித்தானா?"

"அங்க மொதல்ல ஒண்ணரைன்னுதாங்க எழுதறேன். மணி அடிக்கப் போறப்போ மனசு கேக்காம அரைய அடிச்சுட்டு வந்துடறேன்."

"பரீட்சைப் பேப்பருல நீ யாருக்குடி ஊசி போடற? காயிதத்துக்கா?"

இதற்கு ரெண்டு பேரும் சிரித்தோம். அன்றைக்குத்தான் அவள் வாயை மூடாமல் சிரித்ததைப் பார்த்தேன். ஆனால் அடுத்த கேள்விக்கும் அதேதான் நடந்தது. பெரியவர்களுக்கு முந்நூறு மில்லிகிராம் மருந்து என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு? வயதை வைத்துக் கணக்குப் போட ஏதோ வழி வைத்திருந்தாள். நூறு என்று வாய் சொன்னது. எண்பது என்று கை எழுதியது. அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று நினைத்திருந்தேன். கணக்கு அவளிடம் ஓடி வந்தது. அதை அப்படியே வாங்கிக்கொள்ளத்தான் அவளுக்கு முடியவில்லை.

"பக்கத்துல யாரோ நின்னு பாக்கற மாதிரி இருக்குதுங்க்கா. அம்புட்டா எடுக்கறன்னு கேட்டுருவாங்களோன்னு கையி பின்னுக்கு இழுக்குது."

யார் பார்க்கிறார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது வேறொரு நாள் தானாக வந்தது. களி கிண்டிக்கொண்டிருந்தேன். கேழ்வரகுக் களி அவளுக்குப் பிடிக்கும். உருண்டை பிடித்துத் தட்டில் வைக்கப் போகும்போது வழக்கம்போலப் பாதி போதும் என்றாள். எனக்கு ஆத்திரம் வந்தது. வைத்தால் முழு உருண்டைதான் வைப்பேன், இல்லாவிட்டால் தட்டே இல்லை என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"மாமன் வூட்டுல அத்தை எல்லாருக்கும் உருண்டை புடிச்சு வெப்பாங்க. மாமனுக்கு, பெரியவனுக்கு, சின்னவனுக்கு, புள்ளைங்களுக்கு. எம் உருண்டை கடைசிங்க. கடைசி உருண்டை எப்பவும் சின்னதாத்தான் வரும். யாரும் வேணும்னு பண்றதில்ல. சட்டியில அவ்ளோதான் மிச்சமிருக்கும். அத்தை என்னைப் பாத்து ஒரு மாதிரி சங்கடப்படுவாங்க. அதனால அவங்க வெக்கறதுக்கு முன்னாடியே நான் சொல்லிடுவேன், எனக்குப் பாதி போதும்னு. நாமளே சொல்லிட்டா யாருக்கும் சங்கடமில்ல பாருங்க."

அவளைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டாளாம், வளர்ந்ததெல்லாம் மாமன் வீட்டில்தானாம். நான் முழு உருண்டையையும் தட்டில் வைத்தேன். பாதியைப் பிட்டுத் தின்றுவிட்டு, மீதியைத் தண்ணீர் ஊற்றிக் காலைக்கு மூடி வைத்தாள்.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துப் படுத்தேன். நெஞ்சில் சளி கட்டி மூச்சு கர்கர் என்று இழுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து, சல்பா மாத்திரை எழுதினார். வேளைக்கு இரண்டு, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். "உங்க வூட்டுலயே ஒரு நர்சு இருக்காங்களே, அப்பறம் எதுக்கு இங்க படுக்கணும்?" என்று வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்ட மாதிரி என்னைப் பெற்றவளும் பார்த்திருக்க மாட்டாள். ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு வந்து உடம்பைத் துடைத்து, தலை வாரி, கஞ்சி ஊட்டி, என் வீட்டுக்காரருக்குச் சோறாக்கி வைத்துவிட்டு என் பாயோரம் உட்கார்ந்திருப்பாள். மாத்திரை கொடுக்கும்போது மட்டும் ஒன்றைக் கரண்டியின் முதுகில் வைத்து உடைப்பாள்.

"ரெண்டுன்னு சொன்னாங்களேம்மா?" என்றேன்.

"வயித்துல ஒண்ணுமில்லீங்களே. தாங்கணுமில்ல. ஒண்ணரை போதுங்க்கா."

காய்ச்சல் நேரத்தில் யார் கணக்குப் பார்ப்பார்கள்? வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். காய்ச்சல் இறங்குகிற மாதிரி இறங்கும், பொழுது சாய்ந்தால் பழையபடி ஏறும். நெஞ்சுச் சத்தம் போகவில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார். எனக்குக்கூட, பிள்ளை குட்டி இல்லாமல் இப்படியே போய்விடுவேனோ என்று தோன்றியது. கண்ணைத் திறந்தால் ஓடு, மூடினால் ரயில் சத்தம்.

ஒரு சாயங்காலம் மதர் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். நாடி பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். மாத்திரை இருந்த தகர டப்பியைத் திறந்தார். அதற்குள் தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை தீரவில்லை. பிள்ளைகளுக்கு விழுந்த பால்பல்போல வெள்ளை வெள்ளையாகப் பாதி மாத்திரைகள் கிடந்தன.

"என்ன பிள்ள இது?"

அவள் சுவரோரம் நின்றாள். "கொறைச்சுக் குடுத்தேனுங்க மதர்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலீங்க. ஆஸ்பத்திரி மருந்து. கொஞ்சத்துலயே சொகமாயிட்டா மிச்சம் யாருக்காச்சும் ஆவுமேன்னு."

மதர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். டப்பியை அவள் முன்னால் நீட்டிப் பிடித்தார்.

"இது ஆஸ்பத்திரிது இல்ல. டாக்டர் எழுதின நிமிசமே இது இவளுது ஆயாச்சு. நீ கொறைச்சுக் கொடுக்கல பிள்ள. இவளுதை எடுத்து வச்சிருக்க."

ஒரு கூட்ஸ் வண்டி வீட்டை ஆட்டிக்கொண்டு போனது. அப்புறம் அவள் முன்னால் வந்து டப்பியை வாங்கினாள். முழு மாத்திரை இரண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று நழுவிப் பாயில் உருண்டுவிட்டது. தேடி எடுத்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்தாள். நான் விழுங்குகிறவரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதர் அம்மா போன பிறகும் விளக்கேற்றாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நான் யாருதையும் எடுத்ததில்லீங்க்கா. ஒரு கடுகுகூட."

"தெரியும்மா."

"எடுத்துட்டேன்னு சொல்லிட்டாங்களே."

எனக்கு மூச்சு வாங்கியது. அவளைத் தேற்ற ஏதாவது சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. "உறை கொறைஞ்சப்ப பாலு என்னாச்சு?"

இருட்டிலிருந்து பதில் வந்தது. "கெட்டுப்போச்சுங்க."

நாலைந்து நாளில் எனக்குக் காய்ச்சல் விட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அதற்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று அடங்கிவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் என் நெஞ்சைப் பார்ப்பாள், அப்புறம்தான் முகத்தை. சிலேட்டு எடுத்தால் கேள்வியைக்கூட முழுசாகக் கேட்காமல் எழுதுவாள். சரியாகத்தான் எழுதினாள். ஆனால் அது சிலேட்டு. பரீட்சை மணி அடிக்கப் போகிற நேரத்தில் அவள் கை என்ன பண்ணும் என்று அவளுக்கே தெரியாது.

மூன்றாவது தடவை சேலத்துக்குக் காலைப் பாசஞ்சரில் ஏற்றிவிட்டு வந்தேன். அவள் ஊதி அணைத்து எடுத்துவந்த பாதி மெழுகுவத்தியை வீட்டு மாதா படத்துக்கு முன்னால் ஏற்றினேன். அது எரிந்து தீருகிறவரை எழுந்திருக்கவில்லை. பாஸ் மார்க்கு என்று நான் கேட்கவில்லை. மாதாவே, இந்தப் பெண்ணுக்கு என்ன உண்டோ அதை அவள் கை பின்னுக்கு இழுக்காமல் வாங்கிக்கொள்ளட்டும், படியைத் தலைதட்டாமல் அளந்து கொடும் என்று கேட்டேன்.

சாயங்கால வண்டியில் வந்தாள். பிளாட்பாரத்தில் என்னைப் பார்த்ததும் நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

"ஒண்ணரைன்னே வுட்டுட்டு வந்துட்டேனுங்க்கா."

"அடிக்கலியா?"

"அடிக்கத்தான் போனேன். பேனாவ வெச்சுட்டேன். உங்க நெஞ்சுல கர்கர்னு இழுத்துச்சே, அது கேட்டுச்சுங்க. இது அவங்களுது, நான் யாரு அடிக்கறதுன்னு கைய மடியில வெச்சுக்கிட்டேன்."

பாஸ் ஆகிவிட்டாள். ஏரியூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக்கு ஆர்டர் வந்தது. சின்னப்பாப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். "இனி முழு நர்சம்மா! இன்னிக்காச்சும் முழுப்படி பாலு வாங்கு கண்ணு!"

"அரைப்படி போதுங்க" என்றாள் அவள்.

"அட, போவியா!" என்று சின்னப்பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் சந்தைக்குப் போனோம். சேலை எடுப்பாள், பாத்திரம் வாங்குவாள் என்று நினைத்தேன். நேராகப் பூட்டு விற்கிறவனிடம் போனாள். அவன் சின்னதாக ஒன்றை எடுத்துக் காட்டினான். வேண்டாம் என்றாள். அடுத்ததும் வேண்டாம். கடைசியில் குடோனுக்குப் போடுகிற மாதிரி ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்து அவள் பெரிதாகப் பார்த்து வாங்கிய பொருள் அது ஒன்றுதான். வழியெல்லாம் சாவியைப் போட்டுப் பூட்டுவதும் திறப்பதுமாக வந்தாள்.

கிளம்புகிற அன்று டம்ளர் நிறையக் காபி ஊற்றினேன். "இன்னிக்கு மட்டும் கைய நீட்டாத" என்றேன். நீட்டவில்லை. ஆனால் பாதி குடித்ததும் டம்ளரைக் கீழே வைத்தாள். "பஸ்ஸு வந்துடுங்க்கா." பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பஸ் சத்தம் அடங்கிய பிறகு அந்த மீதிக் காபியை நான் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

அந்த அறையில் பிறகு யாரையும் வைக்கவில்லை. அவள் இருந்த மூலை மட்டும் மெழுகின மாதிரி மழமழவென்று இருந்தது. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது, பதில் சொல்ல ஆள் இருக்கிற ஞாபகத்தில் பாதி மந்திரத்தில் நிறுத்திவிடுவேன். அப்புறம் மீதியையும் நானே சொல்லி முடிப்பேன். போன புதிதில் ஒரு கார்டு போட்டாள். சுகம், வீடு நல்லா இருக்கிறது, கதவு தேக்கு என்று நாலு வரி. கார்டில் பாதி வெறுமனே இருந்தது.

அஞ்சாறு வருசம் போனது. ஏரியூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்துக்குப் போனோம். அவரைக் கல்யாண வீட்டில் விட்டுவிட்டு, அவளுக்கென்று சுட்டு வைத்திருந்த அதிரசத்தைத் தூக்குப்போசியில் போட்டுக்கொண்டு, விசாரித்து விசாரித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர்க் கடைசியில் வெள்ளையடித்த சின்னக் கட்டடம். தேக்குக் கதவு. அதில் அந்தப் பெரிய பூட்டு தொங்கியது. கையால் தொட்டேன். தினம் தொட்டுத் தொட்டு ஓரமெல்லாம் பளபளத்திருந்தது.

எதிர் வீட்டில் கம்பு புடைத்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்தாள். "நர்சம்மாவப் பாக்க வந்தீங்களா? ஆத்தோரத்து ஊருங்களுக்குப் போயிருக்காங்க. வர இருட்டிடும். நீங்க அவங்களுக்கு என்னா வேணும்?"

என்ன வேண்டும் என்று சொல்வது? "அக்கா" என்றேன்.

"அக்கா இருக்காங்களா! சொன்னதே இல்லியே. உக்காருங்க. உங்க தங்கச்சி பொல்லாதவங்க. எங்க மாமனாரு மருந்தப் பாதி குடிச்சுட்டுப் பாதிய செடிக்கு ஊத்துவாரு. அந்தம்மா வாசப்படியில நின்னுக்கிட்டு, முழுங்கி முடிக்கற வரைக்கும் நகர மாட்டாங்க. 'உங்களுது உங்க உடம்புக்குள்ள போவணும் தாத்தா, ஒரு சொட்டு மிச்சம் வெச்சாலும் அது திருட்டு'ம்பாங்க. கெழவன் பயந்துக்கிட்டுக் குடிச்சுடுவாரு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாப்பாடு எல்லாம்?"

"அவங்களா? தனியாத்தான் ஆக்கித் திம்பாங்க. நாங்க களி கிண்டினா கூப்புடுவோம். வருவாங்க. வந்தும் என்னா? பாதியத் தின்னுட்டுப் போதுங்கன்னு எந்திரிச்சுடுவாங்க."

கடைசி பஸ் வருகிறவரை அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்ட கதவு, அவள் கேட்ட பூட்டு. ஆண்டவர் அவள் கேட்டதைக் குறையில்லாமல் கொடுத்திருந்தார். அவள் அதற்கு மேல் எதையும் கேட்டிருக்க மாட்டாள்.

அதிரசம் நாலைந்தை எடுத்துவைத்துவிட்டு மீதியைக் கொடுத்தால் போதாதா, என் வீட்டுக்காரரும் ஆசையாகத் தின்பாரே என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு தூக்குப்போசியோடு முழுவதையும் அந்தப் பெண்ணிடம் கொடுத்து, அவளிடம் சேர்த்துவிடச் சொன்னேன்.

கையைக் குறுக்கே நீட்ட அவள் அங்கே இல்லை.